ஆஃப் சீசனில் ஃபூகெட், கூடவே டென்னிஸ் கேம்ப்... டிக்கெட் போடும் முன் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்!

ஐந்து நாள் லீவ். ஒரு தீவு. காலையும் மாலையும் கோர்ட்டில் பயிற்சி, நடுவில் கடல், ராத்திரி நல்ல சாப்பாடு. வார இறுதியில் ஸ்லாட் புக் செய்து டென்னிஸோ ஷட்டிலோ ஆடும் ஐ.டி. கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கனவு அடிக்கடி எட்டிப்பார்க்கிறது. யாராவது ஒருவர் ஆகஸ்ட் மாத ஃபூகெட் ஹோட்டல் ரேட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவார். "இந்த ரேட்டுக்கு மகாபலிபுரத்துலகூட ரூம் கிடைக்காதுடா" என்று இன்னொருவர் பதில் போடுவார். அரை மணி நேரத்தில் எட்டுப் பேர் கையைத் தூக்கியிருப்பார்கள். அடுத்த வாரம் அது மூன்று பேராகக் குறைந்திருக்கும், அது வேறு கதை.

அந்த ஸ்க்ரீன்ஷாட் பொய்யில்லை. டிசம்பர், ஜனவரியில் எட்டாத உயரத்தில் இருக்கும் அறைகள் மழை மாதங்களில் நிஜமாகவே கைக்கு எட்டும் விலைக்கு வருகின்றன. ஆனால் விலை சும்மா இறங்குவதில்லை. டிசம்பரில் அந்தத் தீவு தரும் கடல், படகு, நீலவானம் எல்லாம் ஆகஸ்டில் பாதிதான் கிடைக்கும். அந்தப் பாதி இல்லாமலே சந்தோஷமாக இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

டென்னிஸ் கேம்ப்புக்காகப் போகிறவருக்கு அது முடியும். தீவுக்காகப் போய், 'கூடவே கொஞ்சம் டென்னிஸும் ஆடலாம்' என்று நினைப்பவருக்கு முடியாது. பயிற்சிதான் ட்ரிப், கடல் போனஸ் என்று கணக்குப் போட்டால் ஆஃப் சீசன் நல்ல டீல். கணக்கைத் தலைகீழாகப் போட்டால், இளம் ஊழியர்கள் வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்த லீவும் காசும் ஹோட்டல் பால்கனியில் மழையைப் பார்த்தபடியே கரையும்.

கேரளா, சென்னை கணக்குதான்

தாய்லாந்தில் மழைக்காலம் என்றால் நாடு முழுக்க ஒரே மழை என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கோழிக்கோட்டை நனைக்கும்போது சென்னை வெயிலில் காய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சென்னை மிதக்கிறது. தாய்லாந்தின் தெற்கு நீட்சியிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஃபூகெட் அந்தமான் கடல் பக்கம், அதாவது மேற்குக் கரையில் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றை நேராக வாங்குவது அதுதான். செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்துக்குப் போகும். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சமூய் தீவுக்கு மழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நவம்பரில்தான் அங்கே அதிகம். ஃபூகெட்டைக் கோழிக்கோடாகவும் சமூயைச் சென்னையாகவும் நினைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

'ஆகஸ்டில்தான் லீவ் கிடைக்கும், ஆனால் கடலும் வேண்டும்' என்பவர் சமூயைப் பார்ப்பது நல்லது. அதே ஆள் நவம்பர் கடைசியில் போகிறார் என்றால் ஃபூகெட். இதைப் பார்க்காமல் ஆஃபரை மட்டும் பார்த்து புக் செய்கிறவர்கள்தான் பிறகு ரிவ்யூ பக்கங்களில் 'ஒரே மழை, வேஸ்ட்' என்று ஒற்றை ஸ்டார் போடுகிறார்கள். ஹோட்டல்காரர் என்ன செய்வார் பாவம்?

மழை மாதம் என்றால் நாள் முழுக்கக் கொட்டும் என்றும் அர்த்தமில்லை. காலையில் வெளிச்சம், மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து ஓய்வது என்று பல நாட்கள் போகும். இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும் வாரங்களும் உண்டு. எந்த வாரம் எப்படி என்று இரண்டு மாதம் முன்கூட்டி எந்த ஆப்பும் சொல்லாது. பதினைந்து நாளுக்கு மேல் முன்னறிவிப்பு காட்டும் ஆப்பை நம்பி டிக்கெட் போடுவதும், கிளி ஜோசியம் பார்த்து டிக்கெட் போடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கோர்ட்டுக்குக் கூரை இருக்கிறதா?

கேம்ப் நடத்துபவருக்கு அனுப்பும் முதல் மெசேஜில் கேட்க வேண்டியது ஃபீஸ் எவ்வளவு என்பதல்ல. எத்தனை கோர்ட்டுக்கு மேலே கூரை இருக்கிறது என்பதுதான்.

டென்னிஸின் ஹார்ட் கோர்ட் சின்னத் தூறலிலேயே வழுக்கும். கோடு போட்ட இடம் இன்னும் மோசம். மழை நின்றாலும் தண்ணீரைத் தள்ளி, காயவைத்து, மறுபடி ஆடத் தொடங்க நேரம் பிடிக்கும். அரை மணி மழை ஒன்றரை மணி நேர செஷனை முழுசாக விழுங்கிவிடும். மணல் தூவிய செயற்கைப் புல்லில் தூறலைச் சமாளிக்கலாம். பேடல் கோர்ட்டும் பெரும்பாலும் அப்படிப்பட்ட தரைதான், ஆனால் சுற்றியிருக்கும் கண்ணாடி நனைந்தால் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும், ஆட்டமே வேறாகிவிடும். பேட்மின்டனுக்கு இந்தக் கவலை இல்லை, அது உள்ளரங்க ஆட்டம். மழைக்காலத் தீவுக்கு மிகப் பொருத்தமான ராக்கெட் விளையாட்டு எது என்றால், நம்மூர்க்காரர்கள் ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கும் ஷட்டில்தான்.

ஆனால் அதில் ஒரு சிக்கல். தாய்லாந்து பேட்மின்டனின் இதயம் தீவுகளில் இல்லை, பாங்காக்கில் இருக்கிறது. 2013-ல் 18 வயதில் உலக சாம்பியனான ரட்சனோக் இன்டனோனும், 2023-ல் உலக சாம்பியனாகி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற குன்லவுட் விதித்சர்னும் பாங்காக்கின் பான்தோங்யோர்ட் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர்கள். ரட்சனோக்கின் பெற்றோர் இனிப்புத் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தவர்கள். அந்த ஆலையின் உரிமையாளர் நடத்திய கிளப்தான் அது. ஆகவே 'தாய்லாந்துன்னா பேட்மின்டன் கோச்சிங் சூப்பரா இருக்கும்' என்று தீவு ரிசார்ட்டில் புக் செய்தால் ஏமாற்றம் மிஞ்சலாம். பேட்மின்டன்தான் முக்கியம் என்றால் பாங்காக்கில் மூன்று நாள் பயிற்சி, பிறகு தீவில் இரண்டு நாள் ஓய்வு என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஃபூகெட்டின் பலம் டென்னிஸும் உடற்பயிற்சியும். தீவின் வடக்கே தலாங் பகுதியில் தன்யபுரா போன்ற பெரிய விளையாட்டு வளாகம் இருக்கிறது. டென்னிஸ், 50 மீட்டர் நீச்சல் குளம், ஜிம் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். மழையில் ஒன்று நின்றால் இன்னொன்றுக்கு நகரலாம் என்பதுதான் இப்படிப்பட்ட இடத்தின் வசதி. பீச் ரிசார்ட்டின் ஓரத்தில் இருக்கும் ஒற்றை கோர்ட்டையும் சிலர் 'டென்னிஸ் கேம்ப்' என்று விற்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய போட்டோ போதாது.

கூரைக்கு அடுத்து மூன்று விஷயம் கேட்டுவிட வேண்டும். ஒரு கோச்சுக்கு எத்தனை பேர்? நாலு பேர் வரை என்றால் பரவாயில்லை. எட்டுப் பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஆறு பந்து அடிப்பதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. அடுத்து, மழையில் செஷன் நின்றால் பணம் திரும்ப வருமா, வேறு நேரம் தருவார்களா, இல்லை வீடியோ ரூமில் உட்காரவைத்து 'தியரி கிளாஸ்' என்று முடித்துவிடுவார்களா? இதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கடைசியாக, நம்ம லெவலில் அந்த வாரம் வேறு யாராவது வருகிறார்களா? ஆஃப் சீசனில் இது முக்கியம். ஆள் குறைவு என்பதால் கோச்சின் கவனம் கூடுதலாகக் கிடைக்கும். அதே காரணத்தால், எதிரே நின்று ஆடச் சரியான ஜோடி இல்லாமலும் போகலாம்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. ஹோட்டல் விலை இறங்குகிற அளவுக்கு கோச்சிங் விலை இறங்காது. காலியான அறையை எந்த விலைக்குக் கொடுத்தாலும் ஹோட்டலுக்கு லாபம். கோச்சின் ஒரு மணி நேரம் எப்போதும் ஒரு மணி நேரம்தான். அதனால் மொத்த ட்ரிப்பும் பாதி விலை என்று நினைத்துக் கிளம்பக் கூடாது. அறையில் மிச்சமாகும் காசை இரண்டு தனிப் பயிற்சி செஷனில் போட்டால்தான் ஆஃப் சீசனின் நிஜமான பலன் கைக்கு வரும். அதே காசில் கடல் பார்த்த பெரிய ரூமுக்கு அப்கிரேட் செய்து, மழைத்திரைக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் கடலைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

பத்து மடங்கு சுமை

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆடுபவர், மீதி நேரம் லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பவர். அவர் ஐந்து நாள் கேம்ப்பில் தினமும் நாலு மணி நேரம் ஆடினால் வாரத்துக்கு இருபது மணி நேரம். பத்து மடங்கு. முழங்கை, தோள்பட்டை, குதிகால் நரம்பு எதுவும் இந்தத் தாவலை அமைதியாக ஏற்றுக்கொள்ளாது. இரண்டாம் நாள் ராத்திரி உற்சாகமாக ஸ்டோரி போட்டவர் மூன்றாம் நாள் காலை ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருப்பார். 'டென்னிஸ் எல்போ' என்ற பெயர் டென்னிஸுக்கு வந்தது சும்மா இல்லை.

'காசு கொடுத்திருக்கோம், எல்லா செஷனையும் ஆடித் தீர்க்கணும்' என்கிற பஃபே மனநிலைதான் இங்கே எதிரி. தினமும் இரண்டரை மணி நேரம் போதும். நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு. கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே வாரத்தில் ஆடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நாலு, ஐந்து மணி நேரமாக ஏற்றிக்கொண்டால், கேம்ப்பில் கோச் சொல்லித்தரும் சர்வை அடித்துப் பார்க்கத் தோளில் தெம்பு இருக்கும். மழைக்கு ஒரு நாள் போகும் என்று எடுத்துக்கொண்டால், அதுவே ஓய்வு நாளாகவும் ஆகிவிடுகிறது. ஆஃப் சீசன் கேம்ப்பில் மழை செய்யும் ஒரே நல்ல காரியம் இது.

வெயில் சென்னையின் மே மாதம் அளவுக்கு இருக்காது. ஈரப்பதம்தான் ஆளைப் பிழியும். வியர்வை காயாது, கிரிப் வழுக்கும். ஓவர்கிரிப் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளலாம். இயற்கை கட் நரம்பு போட்ட ராக்கெட்டுக்கு ஈரம் ஆகாது. செயற்கை நரம்பு போதும். ஷட்டில் ஆடுபவர்கள் இறகுப் பந்தின் ட்யூபில் இருக்கும் வேக எண்ணைப் பார்க்க வேண்டும். சூடான இடத்தில் பந்து வேகமாகப் பறக்கும் என்பதால் 78-க்குப் பதில் 76 மாதிரி குறைந்த எண்தான் சரிவரும். சென்னையில் ஆடுபவர்களுக்கு இது புதிதில்லை. பெங்களூருவில் ஆடுபவர்கள் கவனிக்கலாம்.

கூட வருபவர் என்ன செய்வார்?

திட்டம் போடும்போது யாரும் பேசாத, திரும்பி வரும்போது எல்லோரும் பேசும் விஷயம் இது.

ஒருவர் ஆடுகிறார். கணவரோ மனைவியோ ஆடுவதில்லை. 'நீ பீச்ல ரிலாக்ஸ் பண்ணு, நான் ரெண்டு மணி நேரத்துல வந்துடுறேன்' என்ற வசனம் ஜனவரியில் செல்லுபடியாகும். ஆகஸ்டில் பீச்சில் சிவப்புக் கொடி பறக்கும், வெளியே மழை பெய்யும். ஆடுபவர் களைத்து வந்து நாலு மணிக்குத் தூங்கிவிடுவார். மற்றவர் ஹோட்டல் அறையில் வைஃபையோடு உட்கார்ந்திருப்பார். அதற்குச் சென்னை வீடே போதுமே? இருவர் சேர்த்த லீவில் ஒருவரின் பொழுதுபோக்கை மட்டும் நடத்துவதற்கு 'கப்பிள் ட்ரிப்' என்று பெயர் வைப்பது நியாயமில்லை. அந்த மனத்தாங்கல் தாய்லாந்தோடு முடிவதும் இல்லை.

மூன்று வழி உண்டு. நண்பர்களோடு போய்விடுவது; எளிது, நேர்மையானது. இரண்டாவது, கூட வருபவருக்கும் ஒரு பிகினர் வகுப்பு. டென்னிஸை முதல் வாரத்தில் ரசிப்பது கஷ்டம், பந்து பொறுக்குவதிலேயே பாதி நேரம் போகும். பிக்கிள்பால் அப்படியில்லை, முதல் நாளே ரேலி ஆடலாம். அந்த ஆட்டம் பிறந்ததே ஒரு தீவில், விடுமுறையில் போரடித்தவர்களுக்காகத்தான். 1965-ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் பேட்மின்டன் சாமான் சரியாகக் கிடைக்காமல், டேபிள் டென்னிஸ் மட்டையையும் பிளாஸ்டிக் பந்தையும் வைத்து உருவாக்கினார்கள். மூன்றாவது, கோர்ட் ஒரு நாளில் காலை மட்டும், மதியம் முழுக்க இருவருக்கும் பொது என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்வது.

அந்தப் பொது நேரத்துக்கு மழையிலும் ஃபூகெட்டில் விஷயம் இருக்கிறது. பழைய நகரத்தின் சீன-போர்ச்சுகீசியப் பாணி வீடுகளில் முன்பக்கத் தாழ்வாரங்கள் உண்டு. தெருக்களில் காபிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. தலாங்கில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபூகெட்டுக்கு வடக்கே தகுவா பா என்ற இடத்தில் கிடைத்த 9-ம் நூற்றாண்டு விஷ்ணு சிலை அங்கே உள்ளது. அதே தகுவா பாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, ஒரு குளத்தையும் 'மணிக்கிராமம்' என்ற வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தமிழர்கள் போய்வந்த கரை இது. அவர்களும் பருவக்காற்றைப் பார்த்துத்தான் கப்பலை எடுத்திருப்பார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு தகவல். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஃபூகெட்டில் ஒன்பது நாள் சைவத் திருவிழா நடக்கிறது. பெரும்பாலான வருஷங்களில் நவராத்திரியை ஒட்டியே வரும். 2024-ல் இரண்டும் அக்டோபர் 3-ம் தேதியே தொடங்கின. மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் முட்டை, பால், பூண்டுகூட இல்லாத சாப்பாடு. ஊர்வலத்தில் கன்னத்தில் வேல் போன்றவற்றைக் குத்திக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் நம்மூர் அலகு குத்துதல் ஞாபகம் வரும். மழை உச்சத்தில் இருக்கும் நேரம்தான், ஆனால் இந்த ஒன்பது நாளுக்காகவே போகலாம்.

கடலிடம் பேரம் பேச முடியாது

மழை மாதங்களில் படோங், கரோன், கட்டா போன்ற மேற்குக் கரை பீச்களில் அலை உயரும். கட்டாவுக்கு அலைச்சறுக்கு ஆடுபவர்கள் வருவது இந்த சீசனில்தான். கரையிலிருந்து ஆளை உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டமும் இதே நேரத்தில்தான் வலுவாக இருக்கும். சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. முழங்கால் அளவு தண்ணீர்தானே என்பதற்கும் அதில் இடமில்லை. நீச்சல் தெரிந்தவர்களையும் அந்த நீரோட்டம் இழுத்துப்போயிருக்கிறது.

படகுப் பயணமும் அப்படித்தான். சிமிலான் தீவுகள் மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்பட்டிருக்கும். ஃபி ஃபி பக்கத்து மாயா பே ஆகஸ்ட், செப்டம்பரில் மூடப்படுகிறது. திறந்திருக்கும் இடங்களுக்கும் காற்றைப் பார்த்துத்தான் போக வேண்டும். 2018 ஜூலை 5-ம் தேதி புயல் காற்றில் ஃபூகெட் அருகே ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 47 பேர் இறந்தார்கள். கரையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2024 ஆகஸ்ட் 23-ம் தேதி கரோன் பகுதியில் கனமழையால் ஏற்பட்ட நிலச்சரிவு 13 பேரின் உயிரைப் பறித்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 'டூர் கேன்சல் ஆயிடுச்சு' என்று ஆபரேட்டர் சொன்னால் அவரிடம் சண்டை போடாமல் பணத்தை மட்டும் திரும்பக் கேட்க வேண்டும் என்பதற்காக.

மலைச்சாலைகளில் வாடகை ஸ்கூட்டர் எடுப்பதும் மழையில் வேண்டாத வேலை. இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தால், பயணக் காப்பீடு கைவிரிக்க வாய்ப்பு அதிகம். காப்பீட்டு வாசகத்தில் விளையாட்டுக் காயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாங்கும் முன் படிக்க வேண்டும். தொழில்முறை விளையாட்டை விலக்கும் பாலிசிகள் பல. பொழுதுபோக்காக ஆடுவதும், கேம்ப்பில் பயிற்சி எடுப்பதும் எந்தப் பக்கம் வரும் என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இந்தியர்களுக்குத் தாய்லாந்து 2023 நவம்பரில் விசா விலக்கு கொடுத்தது, 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கியது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகப் பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையையும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை; காசு கேட்கும் வெப்சைட் வந்தால் அது அரசு வெப்சைட் அல்ல.

புக் செய்யும் வரிசையும் வழக்கத்துக்கு நேர்மாறாக இருக்கட்டும். முதலில் கேம்ப்புக்கு மெசேஜ்; கூரை, ஆள் கணக்கு, மழை விதி மூன்றுக்கும் பதில் வந்த பிறகு இலவசமாகக் கேன்சல் செய்யக்கூடிய ரூம், முடிந்தவரை கோர்ட்டுக்கு நடந்து போகும் தூரத்தில். விமான டிக்கெட் கடைசியில். பயிற்சி முடியும் நாளுக்கு மறுநாள் ஒன்றை எந்தத் திட்டமும் இல்லாமல் காலியாக விட்டால், மழையில் போன செஷனை அன்றைக்கு ஆடிக்கொள்ளலாம். மழையே வரவில்லை என்றால் கடல் இருக்கவே இருக்கிறது, கொடி பச்சையாக இருந்தால்.